அறிவித்தவர்: ஒரு பயனர்

கணினி என்னிடம் ஒரு கேள்வி கேட்டது. தன்னை இயக்கும் மையநிரலின் பழைய பதிப்புகள், அதாவது பழைய கெர்னல்கள், இனித் தேவையில்லை, நீக்கிவிடலாமா என்று. ஆம் என்று தட்டினேன். ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். உதவாததை வீட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கம் எனக்குக் கிடையாது. அப்டேட் முடிந்து கணினி ஒருமுறை அணைந்து எழுந்தபோது, திரையின் மேல் மூலையில் எப்போதும் இருக்கும் வைஃபை குறி இல்லை.

முப்பத்து நான்கு ஆண்டுகள் ரயில்வேயில் சிக்னல் ஆய்வாளராக இருந்தேன். பழுது என்றால் எனக்குக் கை நடுங்காது. எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். மோடம் மாடியில், என் தம்பி வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. தம்பியின் போனில் இணையம் வந்தது. ஆகவே மோடத்தில் பழுதில்லை. கணினியும் மற்றபடி நன்றாக ஓடியது. ஆகவே பழுது இரண்டுக்கும் நடுவில்: வைஃபை கார்டில், அல்லது அந்தக் கார்டை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளில். பகல் முழுக்க உட்கார்ந்தும் அதற்கு மேல் என்னால் போக முடியவில்லை.

நான்கு மணிக்கு என் மனைவி முகம் கழுவிக்கொண்டு வந்து கணினி முன் உட்கார்ந்தாள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆறு ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு காய்ச்சலில் அவளுக்குக் காது முற்றிலும் போய்விட்டது. உதடு அசைவதைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வாள். என் உதட்டை மட்டும் படிக்க முடியாது. என் மீசை மேலுதட்டை மூடி நிற்கும். "உங்க மீசை பேசுறதெல்லாம் எனக்குப் புரியாது, எழுதிக் காட்டுங்க" என்பாள். என் அப்பாவின் மீசையும் இப்படித்தான் இருந்தது. நான் அதைக் குறைக்கவில்லை. சமையலறையில் ஒன்று, கூடத்தில் ஒன்று என்று நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டோம்.

அவள் தங்குதடையில்லாமல் படித்த உதடு ஒன்றே ஒன்று, எங்கள் மகளுடையது. மகள் வேறு ஊரில் இருக்கிறாள். தினமும் நான்கு மணிக்குக் கணினியின் பெரிய திரையில் வருவாள். அரை மணி நேரம் பேசுவார்கள். அறைக் கதவு சாத்தியிருக்கும். நான் முன்னறையில் செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் நோட்டில் எழுதிக்கொண்டதில்லை.

மகளோடு எனக்குப் பேச்சு இல்லை. எட்டு ஆண்டுகளாக இல்லை. கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, அழைப்பிதழ் எல்லா வீட்டுக்கும் போன பிறகு, இது வேண்டாம் என்றாள். வேறு யாரையும் மனத்தில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. காரணம் கேட்டேன். "அவங்க வீட்ல பேசுறப்போ, நான் அந்த ரூம்லயே இல்லாத மாதிரி பேசுறாங்கப்பா" என்றாள். அது ஒரு காரணமாக அன்று எனக்குப் படவில்லை. மறுநாள் காலை புறப்பட்டு, அழைப்பிதழ் கொடுத்த நூற்று எண்பத்தாறு வீடுகளுக்கும் நானே போனேன். திருமணம் நடக்காது என்று சொல்லி, கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். போனில் சொன்னால் போதாதா என்றார்கள். கையால் கொடுத்ததைக் கையால்தான் வாங்க வேண்டும். ஐந்து வீட்டில் தொலைத்துவிட்டிருந்தார்கள். மிச்சத்தைக் கட்டி மேசைமேல் வைத்து மகளிடம் சொன்னேன்: "இனிமே உன் பேருக்கு முன்னால என் இனிஷியலைப் போடாத. அந்த எழுத்து பட்டது போதும்."

அந்த வாரமே அவள் போய்விட்டாள். சுற்றத்துக்கெல்லாம், மாடியில் இருக்கும் தம்பி குடும்பத்துக்கும், இந்த வீட்டுக்கும் அவளுக்கும் தொடர்பு கிடையாது என்று தெரிவித்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். என் மனைவி அவளோடு பேசுவது மட்டும் எங்கள் இருவருக்குள் இருந்தது. இணையம் எதற்கு என்று தம்பி கேட்டபோது, பேப்பர் படிக்க என்றேன்.

சென்ற ஆண்டு மனைவிக்கு வலக்கண் போயிற்று. இடக்கண்ணின் பின்னாலும் ரத்தக் குழாய்கள் இற்றுப்போயிருக்கின்றன என்று, அந்த அப்டேட்டுக்குச் சில நாள் முன்புதான் கண் மருத்துவர் சொன்னார். மூன்று மாதம் தாங்கலாம், மூன்று வாரமும் தாங்கலாம். நோட்டில் பெரிய எழுத்தில் அவரே எழுதிக் காட்டினார்: பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்து வையுங்கள் அம்மா. அதைப் படித்துவிட்டு அவள், "எனக்கு நாலு மணிக்குத் தெரிஞ்சா போதும், டாக்டர்" என்றாள். காது கேளாதவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. வெளியே காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்படிப்பட்ட நாட்களில்தான் வைஃபை நின்றது. அன்று நான்கரை வரை இருண்ட திரைமுன் உட்கார்ந்துவிட்டு எழுந்து போனாள். நாளைக்குச் சரியாகிவிடும் என்று எழுதிக் காட்டினேன்.

தெருமுனையில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர் மறுநாள் வந்தார். ஐம்பது வயதுக்காரர். எதைக் கொண்டுபோனாலும் மதர்போர்டு போயிருக்கும் என்று முதலில் சொல்வதால், தெருவில் அவருக்கு மதர்போர்டு என்றே பெயர்.

"மதர்போர்டுன்னு ஆரம்பிக்காதீங்க" என்றேன் வாசலிலேயே.

"நான் இன்னும் செருப்பே கழட்டல சார்."

உட்கார்ந்து கட்டளைகளைத் தட்டினார். கறுப்புத் திரையில் வரிகள் ஓடின. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மூக்கு திரையில் படும்படி குனிந்து பார்த்தார்.

"கார்டு இருக்கு சார். கம்ப்யூட்டருக்கு அது தெரியுது. டிரைவரும் ஏறியிருக்கு. ஆனா டிரைவர் கூப்பிட்டா கார்டு பதில் சொல்ல மாட்டேங்குது. பாருங்க, கூப்பிட்டேன், பதில் இல்ல, நேரம் முடிஞ்சுது. திரும்பக் கூப்பிட்டேன், பதில் இல்ல. நம்ம வீட்லயும் ரெண்டு மூணு பேரு இப்படி இருக்காங்க."

நான் சிரிக்கவில்லை.

"பழைய கெர்னல்ல ஏத்தினா ஓடிடும். அது எங்க சார்?"

"நீக்கிட்டேன்."

"ஏன்?"

"தேவையில்லன்னு அதுவே சொல்லிச்சு."

"அது ஆயிரம் சொல்லும் சார். பழசு ஒண்ணைக் கையில வச்சுக்க வேணாமா? புதுசு காலை வாரினா எங்க போய் நிப்பீங்க?"

செவ்வாயன்று எங்கிருந்தோ ஒரு பழைய கெர்னலைப் பென் டிரைவில் கொண்டுவந்தார். அது வேறு வகைக் கணினிக்கானது, ஏறவில்லை. செருகினால் வைஃபை தரும் குச்சி ஒன்றும் கொண்டுவந்தார். தனக்கு வேண்டிய டிரைவரை இணையத்திலிருந்து இறக்கித் தரும்படி அது கேட்டது. "இணையம் இருந்தா உன்னை எதுக்குடா செருகுறேன்" என்று அதைத் திட்டிவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"சுலபமா ஒண்ணு இருக்கு சார். மாடியிலேருந்து ஒரு ஒயர். அரை மணி நேர வேலை. தம்பி வீட்டுக் கூடத்துல ஒரு ஓட்டை, படிக்கட்டோரமா இறக்கினா முடிஞ்சுது."

ஒயர் வந்தால் தம்பி கேட்பான். பேப்பர் படிக்க ஒயரா என்று தம்பி மனைவி கேட்பாள். நான்கு மணிக்கு இந்த வீட்டில் நடப்பதை நான் சொல்ல வேண்டிவரும். எட்டு ஆண்டுகள் நிமிர்ந்து சொன்னதை அவர்கள் கூடத்தில் நின்று மாற்றிச் சொல்ல வேண்டிவரும்.

"ஒயர் வேண்டாம்" என்றேன். "பழுது எங்க இருக்கோ அங்கதான் சரி பண்ணணும்."

"அப்படின்னா டிரைவரை எழுதினவங்களுக்கே மெயில் போடணும். பேரும் விலாசமும் டிரைவருக்குள்ளயே இருக்கும். இதோ." ஒரு கட்டளையைத் தட்டினார். "எழுதியவர்..." என்று தொடங்கி, இனிஷியலோடு அந்தப் பெயரை வாசித்தார். "நம்ம பக்கத்துப் பேரா இருக்கே சார். பொண்ணு."

திரும்ப வாசிக்கச் சொன்னேன். இனிஷியலோடு திரும்ப வாசித்தார். அவர் தெருவுக்கு வந்து நான்கு ஆண்டுகள்தான் ஆகின்றன.

இந்தக் கணினியை வாங்கியபோது என் மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸை அவள்தான் போட்டாள். கார்டைச் செய்தவர்கள் லினக்ஸுக்கென்று எதுவும் எழுதித் தரவில்லை என்று சொல்லிக்கொண்டு, ஒரு விடுமுறை முழுக்க அதன்முன் உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் பகல் சாப்பாட்டின்போது ஓடிவந்து, "வந்துடுச்சுப்பா" என்றாள். என்ன வந்தது என்று நான் கேட்கவில்லை. கை கழுவிவிட்டு உட்கார் என்றேன். அது பிறகு லினக்ஸுக்குள்ளேயே சேர்ந்து, அந்தக் கார்டு வைத்திருக்கும் எல்லாருடைய கணினிக்கும் போகிறது என்பதை அன்றைக்கு மதர்போர்டு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். என் எழுத்தும் கூடவே போயிருக்கிறது.

அன்று நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு என் போன் அடித்தது. பொத்தான் வைத்த பழைய போன். தெரியாத எண். திங்களன்றும் இதே நேரத்துக்கு அடித்திருந்தது. கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நின்றுவிட்டது.

புதன்கிழமை கடைக்குப் போனேன். நடப்பதையெல்லாம் கணினி தானே குறித்து வைக்கும் பதிவை, லாகை, வீட்டிலிருந்து பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். மதர்போர்டின் கடை விலாசத்திலிருந்து மெயில் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதினேன். பதில்களும் ஆங்கிலத்தில்தான் வந்தன. இங்கே தமிழில் தருகிறேன். பழுது கண்ட நாள், நேரம், அதற்கு முன் கடைசியாகச் செய்தது, இப்போது காண்பது, செய்து பார்த்தவை, அவற்றின் விளைவு. வேலையில் இருந்தபோது எழுதியது போலவே, கண்டதை மட்டும் எழுதினேன். கீழே பெயர் போடும் இடத்தில் ஒரு பயனர் என்று போட்டேன்.

"பேரு போடலையா சார்?"

"பழுதுதான் முக்கியம். பேரு எதுக்கு?"

மறுநாளே பதில் இருந்தது. "அன்புள்ள ஐயா, இவ்வளவு தெளிவான அறிக்கை எனக்கு அரிதாகத்தான் வரும். நன்றி" என்று தொடங்கியது. மின்சாரத்தைப் பிடுங்கி ஐந்து நிமிடம் விட்டு ஏற்றிப் பார்க்க வேண்டும். கணினியைத் திறந்து கார்டின்மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள எண்ணை முழுவதுமாக எழுதி அனுப்ப வேண்டும். மூன்றாவதாக ஒரு கேள்வி: "இந்தக் கணினியை வேறு யாரேனும் பயன்படுத்துகிறார்களா? அவர்கள் நலமாக இருக்கிறார்களா?"

"இது எதுக்குக் கேக்குறாங்க?" என்றார் மதர்போர்டு. "டிரைவருக்கும் ஆளு உடம்புக்கும் என்ன சம்பந்தம்?"

"வழக்கமா கேப்பாங்களா இருக்கும்."

பிறகுதான் அனுப்பிய லாகைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் கணினியின் பெயர் இருந்தது. அவள் அதற்கு வைத்த பெயர் கேபின். நான் வேலை பார்த்த சிக்னல் கேபினை நினைத்து வைத்தாள். எழுநூறு வரிகளுக்கு மேல் இருக்கும். எழுநூறு முறை நான் யாரென்று சொல்லி அனுப்பிவிட்டு, கீழே ஒரு பயனர் என்று கையெழுத்துப் போட்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை கணினியின் பக்கப் பலகையைக் கழற்றினேன். மனைவி டார்ச் பிடித்தாள். கார்டின் சீட்டில் எழுத்து பொடிப்பொடியாக இருந்தது. லென்ஸ் வைத்து ஒவ்வொன்றாகப் படித்து எழுதினேன். டார்ச் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் கார்டை விட்டு விலகிப் போயிற்று. அவள் கையைப் பிடித்துத் திரும்ப நேரே வைத்தேன்.

"அவளுக்கு ஒரு தகவல் சொல்லிடலாமே" என்றாள் டார்ச்சைப் பிடித்தபடியே. அவள் என்னிடம் மகளைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. "அஞ்சு நாள் ஆச்சு. என்னமோ ஏதோன்னு இருப்பா. அந்தக் கடைக்காரர் போன்ல ஒரு நிமிஷம் மூஞ்சியைக் காட்டிட்டு வந்துடறேன்."

நோட்டை எடுத்து எழுதினேன்: அந்தச் சின்னத் திரையில் உனக்கு உதடு தெரியாது. தெருவில் நின்று குடும்பச் சங்கதி பேசுவதா?

படித்துவிட்டு டார்ச்சை அணைத்தாள்.

கடைக்குப் போய்ப் பதில் எழுதினேன். மின்சாரம் பிடுங்கியதில் பயனில்லை. சீட்டின் எண் இது. மூன்றாவது கேள்விக்கு, "ஒருவர் பயன்படுத்துகிறார். நலம்" என்று எழுதினேன். பிறகு நலம் என்ற சொல் பழுதைச் சேர்ந்ததல்ல என்று தோன்றியது. அதை நீக்கிவிட்டு அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை பதில் வந்தது. இந்தக் கார்டு பழையது, புதியது என்று இரண்டு விதமாக வந்திருக்கிறது. இரண்டுக்கும் வெளியில் ஒரே எண். பழைய விதம் தூக்கத்திலிருந்து எழக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும். அந்த நேரத்தைக் கொடுக்கும் பத்து வரிகள் டிரைவரில் இருந்தன. யாரோ ஒருவர் டிரைவரை ஒழுங்குபடுத்துவதாகச் சொல்லி, அவை இனி வேண்டாம் என்று நீக்கியிருக்கிறார். "சரிபார்த்து ஒப்புக்கொண்டவள் நான்" என்று எழுதியிருந்தாள். "பழைய விதமும் ஓடிவிடும் என்று கணக்கிட்டேன். சோதிக்காமல் கணக்கிட்டது என் தவறு. அந்த விதக் கார்டு என் கையில் இல்லை. ஒன்று இருக்கும் இடம் எனக்குத் தெரியும். அங்கே போய்ச் சோதித்துப் பார்க்க எனக்கு வழியில்லை."

மதர்போர்டு என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு வேலையும் இல்லாமல் ஜெராக்ஸ் மிஷினைத் திறந்து மூடினார்.

கூடவே ஒரு திருத்தம் வந்திருந்தது. பென் டிரைவில் வீட்டுக்குக் கொண்டுவந்து, அவள் வரிசையாக எழுதியிருந்த கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன். கார்டு எழுந்தது. குறி வந்தது. எண்ணிப் பதினோரு நொடியில் மறுபடி போய்விட்டது. அறிக்கையில் பதினோரு நொடி என்றே எழுதினேன்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் என் மனைவி தம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றினாள். துடைத்துவிட்டுச் சிரித்தாள். நானும் துடைக்க உதவினேன். வேறொன்றும் நினைக்கவில்லை. என் மனம் முழுக்க அந்தப் பதினோரு நொடியில் இருந்தது.

பதினோராம் நாள், புதன்கிழமை, இரண்டாவது திருத்தம் வந்தது. மூன்று மணிக்கு ஏற்றினேன். குறி வந்தது, நின்றது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். போகவில்லை. வீட்டிலிருந்தே, அதே கடை விலாசத்தில் மெயில் அனுப்பினேன்: வேலை செய்கிறது, பத்து நிமிடமாக விடவில்லை. உடனே பதில் வந்தது. காத்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

"மிக்க நன்றி ஐயா. எங்கள் வழக்கப்படி, திருத்தத்தின் கீழே பழுதை அறிவித்தவர் பெயரையும் சோதித்தவர் பெயரையும் எழுதுவோம். இரண்டும் நீங்கள்தான். உங்கள் பெயரை எப்படிப் போடட்டும்? பெயர் வேண்டாம் என்றால், ஒரு பயனர் என்று போடலாம். உங்கள் விருப்பம்."

என் பெயரை அவள் அறியாதவள் போல என்னிடமே கேட்டாள். நானும் அறியாதவன் போலவே இருந்தேன். என் பெயரும் அவள் பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக, யாரும் படிக்கக்கூடிய இடத்தில் நிற்கும். சுற்றத்தில் கணினிப் பையன்கள் இருக்கிறார்கள். நாளைக்கு ஒருவன் பார்ப்பான். எட்டு ஆண்டு வீம்பு இவ்வளவுதானா என்பான். மூன்று இருபதுக்குப் பதில் போட்டேன்: ஒரு பயனர் என்று போடலாம்.

நான்கு மணிக்கு மனைவியின் தோளைத் தொட்டு, திரையைக் காட்டினேன். முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அன்று நான் முன்னறைக்குப் போகவில்லை. கார்டு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கதவருகே நின்றேன். மணி ஒலித்தது. அவளுக்குப் பதிலாக நானே பொத்தானை அழுத்திவிட்டு ஒதுங்கினேன்.

திரையில் மகள். காதோரம் முடி நரைக்கத் தொடங்கியிருந்தது. "அம்மா" என்றாள்.

என் மனைவி திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னும் சரியாகலையே. படம் வரல, பழுப்பாத் தெரியுது" என்றாள். "கொஞ்சம் பாருங்க. அவ வந்துட்டாளா?"

குறியைப் பார்த்தேன். முழுதாக இருந்தது. படம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. மகள் முகத்தில் இருந்த ஒரு பரு வரை எனக்குத் தெரிந்தது.

"அம்மா, என்னைப் பாரும்மா" என்றாள் மகள். "அம்மாவுக்கு என்ன ஆச்சு?" இரண்டாவதை என்னிடம் கேட்டாள்.

அன்றே மருத்துவமனைக்குப் போனோம். இடக்கண்ணின் உள்ளே ரத்தம் கசிந்து நான்கைந்து நாள் ஆகியிருக்கும் என்றார் மருத்துவர். ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்கச் சொன்னார். நோட்டில் எழுதிப் பயனில்லை. அவள் உள்ளங்கையைப் பிடித்து, விரலால் ஒவ்வொரு எழுத்தாக எழுதிக் கேட்டேன். "பாக்கறதுக்குத்தான் ஒண்ணும் இல்லையே" என்றாள். "திரை சரியானப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

மருத்துவமனையிலிருந்து வந்த மறுநாள் நான்கு மணிக்குக் கதவைச் சாத்தவில்லை. மகள் பேசப் பேச நான் உள்ளங்கையில் எழுதினேன். பாதியில் தம்பி மாடியிலிருந்து இறங்கி வந்து வாசற்படியில் நின்றான். திரையைப் பார்த்தான். என் விரலைப் பார்த்தான்.

"என் மக பேசுறா" என்றேன்.

"தெரியும்ணே."

"என்ன தெரியும்?"

"அண்ணி பேசுறதும் சிரிக்கிறதும் மாடிக்கே கேக்குமேண்ணே. எத்தனை வருஷமா. நாலு மணி ஆனா நாங்க டிவி சத்தத்தைக் கூட்டி வச்சுக்குவோம். நீங்க சங்கடப்படக் கூடாதுன்னு." மாடிப்படிப் பக்கம் திரும்பியவன் நின்றான். "நெட் வரலன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. நானே ஒயர் இழுத்து விட்டிருப்பேன்."

பதினோரு நாட்கள். அவற்றில் ஆறேழு நாட்களாவது அவள் கண் நன்றாகத் தெரிந்த நாட்கள்.

அதன்பின் ஐந்து வாரம் ஆகிவிட்டது. நான்கு மணிக்கு நாங்கள் இருவரும் உட்காருகிறோம். மகள் எனக்காக மெதுவாகப் பேசுகிறாள். ஒவ்வொரு பேச்சையும் "அம்மாகிட்ட சொல்லுங்க" என்றுதான் தொடங்குகிறாள். என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நீங்க என்கிறாள், அவ்வளவுதான். எழுத எழுத என் மனைவி ஒவ்வொரு சொல்லையும் உரக்கச் சொல்லிச் சரிபார்க்கிறாள். "உங்க கையெழுத்து உள்ளங்கையிலகூடக் கோணலாத்தான் இருக்கு" என்கிறாள். ழகரம் எழுதினால் ளகரம் என்கிறாள்.

சென்ற வாரம் கடையில் மதர்போர்டு அந்தத் திருத்தத்தைக் காட்டினார். எல்லாரும் படிக்கக்கூடிய இடத்துக்கு அது வந்துவிட்டது. பழைய விதக் கார்டுக்கான பத்து வரிகள். கீழே எழுதியவர் என்று என் மகளின் பெயர், முன்னால் என் எழுத்து. அதன் கீழே அறிவித்தவர்: ஒரு பயனர். அதற்கும் கீழே சோதித்தவர்: ஒரு பயனர்.

நேற்று நான்கு மணிக்கு, பேச்சு ஒரு இடத்தில் நின்றபோது, நான் திரையைப் பார்த்துக் கேட்டேன். எட்டு ஆண்டுகளில் நானாக அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"அந்தத் திருத்தத்துல பேரு இருக்கிற இடம். அதை மாத்திப் போட முடியுமா?"

கீழே எதையோ பார்த்தாள்.

"முடியாது. உள்ள போயிடுச்சுன்னா அப்புறம் யாராலயும் மாத்த முடியாது. எல்லாருகிட்டயும் அப்படியே போயிடும்."

"நீதானே எழுதினது."

"நானே நினைச்சாலும் முடியாது. அதுக்குத்தான் முன்னாடியே கேக்கறது." பிறகு, "ரெண்டு நாள் அனுப்பாம வச்சிருந்தேன்" என்றாள். "ஏதாவது மெயில் வருதான்னு பாத்துட்டுத்தான் அனுப்பினேன்."

அந்த இரண்டு நாளும் நான் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இருந்தேன் என்று சொல்லலாம். அது உண்மைதான். ஆனால் வீட்டில் இருந்திருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டேன். அதனால் சொல்லவில்லை.

"என்ன சொல்றா?" என்றாள் மனைவி. உள்ளங்கை விரிந்து என் முன்னால் இருந்தது. "ரொம்ப நேரமா விரலே வரலையே. ஏதோ பேசிக்கிறீங்க. மூச்சு விடறது தெரியுது."

ஒன்றுமில்லை என்று எழுதினேன்.

"ஒண்ணுமில்லன்னு சொல்றதுக்கா இவ்வளவு நேரம்?"

மகள் திரையில் காத்திருந்தாள். அம்மாகிட்ட சொல்லுங்க என்று சொல்லவில்லை. நான் மனைவியின் கையை இன்னும் கொஞ்சம் என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினேன். அவள் ஒவ்வொரு சொல்லாக, மாடிக்குக் கேட்கும் குரலில், வாசித்துக்கொண்டு வந்தாள்.

"பேரு... கேட்டா. நான்... வேண்டாம்னு... சொல்லிட்டேன்."

நிறுத்தினாள். "எந்தப் பேரு?" என்றாள்.

என் பெயர் என்று எழுதினேன். அதையும் அவள் உரக்க வாசித்தாள்.